பத்துக்கு ஒன்பது உப்புத் தண்ணீர்

பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுபோனது. தெரிந்தவர்களுக்கெல்லாம் அவள் கணீர்தான். தொட்டிலில் கிடந்து அழுதபோதே தெருக்கோடியிலிருந்து ஆள் ஓடிவந்து “யாருக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டதாக அவளுடைய அக்கா சொல்வாள். பள்ளிக்கூடத்தில் ரகசியம் பேச யாரும் அவளைக் கூட்டுச் சேர்த்ததில்லை. கல்யாணப் பேச்சு வந்தபோது, மாப்பிள்ளை நல்ல மனிதர்தான், ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார்: “குரலைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டா நல்லாருக்கும்.” அதற்கு இவள், “நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்” என்றாள். அவர் ரொம்பவே தள்ளிப் போய்விட்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, மற்றவர்களுக்கும் துணிச்சல் வரவில்லை.

அந்தக் குரலுக்குச் சோறு போட்டது பேருந்து நிலையம். ஒலிபெருக்கி அறையில் உட்கார்ந்துகொண்டு எந்த வண்டி எங்கே நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று சொல்கிற வேலை. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வண்டி வராது என்று தெரிந்தாலும் “சற்று நேரத்தில் வந்து சேரும்” என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் ஜனங்கள் கத்தமாட்டார்களாம். கணீர் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே, “அந்த வண்டி இன்னைக்கு வராது. பிரேக் போயிடுச்சு. அவசரமா போறவங்க வேற வண்டி பாத்துக்குங்க” என்று ஒலிபெருக்கியில் போட்டு உடைத்துவிட்டாள். மேலாளர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். ஜனங்கள் கத்தவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேறு வண்டி பார்க்கப் போனார்கள்.

அன்றிலிருந்து அந்தக் குரல் வரும் என்றால் வண்டி வரும், வராது என்றால் வராது. ஊருக்கே அது பழகிப்போனது. பிற்பாடு நிலையத்துக்காரர்கள் பதிவு செய்த குரல் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு இவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த இயந்திரம் இன்றைக்கும் வராத வண்டிகளைச் சற்று நேரத்தில் வரவழைத்துக்கொண்டிருக்கிறது.

எண்ணெய்க் கிணறு தோண்டுகிற கம்பெனியின் முதலாளி அவளைத் தேடி வந்தது அதற்குப் பிறகுதான். கம்பெனி என்றால் ஏதோ கண்ணாடிக் கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே ஒரு துளையிடும் கோபுரம், அதுவும் வாடகைக்கு. ஒரு ஜீப். மாடிப்படிக்குக் கீழே அலுவலகம். வங்கிகள் கைவிரித்துவிட்டதால் முதலாளி சாதாரண ஜனங்களிடம் பங்கு விற்றுத்தான் கிணறு தோண்ட ஆரம்பித்திருந்தார். முடி வெட்டுகிறவர், பால் கடைக்காரர், ஓய்வு பெற்ற தபால்காரர், தையற்காரர் என்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டிருந்தார்கள். பணம் போட்டவனுக்குத் தூக்கம் வருமா? கிணறு எங்கே போயிருக்கிறது, என்ன ஆயிற்று என்று வாசலில் வந்து நின்றார்கள். ஆளாளுக்குப் பதில் சொல்லி மாளாமல் முதலாளி ஒரு தொலைபேசி எண்ணை ஏற்பாடு செய்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த எண்ணை அழைத்தால் வாரச் செய்தி கேட்கும். அதைப் படிக்க நம்பிக்கையான ஒரு குரல் தேவைப்பட்டது.

“நீங்க வண்டி வராதுன்னு சொன்னா ஜனங்க நம்பினாங்க. எண்ணெய் வருதுன்னு சொன்னா நம்பமாட்டாங்களா?” என்று கேட்டார் முதலாளி.

“வந்தா சொல்றேன்” என்றாள் கணீர்.

பதிவு செய்யும் அறை அலுவலகத்துக்குப் பின்னால் இருந்தது. பழைய குழாய் மூடிகளும் கிரீஸ் டப்பாக்களும் ஒரு மூலையில். எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தது. மின்விசிறி ஓடினால் அந்தச் சத்தமும் பதிவாகிவிடும் என்று அதை நிறுத்திவிட்டு, வேர்த்து விறுவிறுத்து, முதலாளி எழுதித் தந்த தாளை அவள் படிப்பாள். படிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் கேட்டுவிடுவாள். பாறையைக் குடைகிற இரும்புப் பல்லுக்குப் பிட் என்று பெயர். துளை இடிந்துவிடாமல் இறக்குகிற குழாய் கேசிங். ஒரு தடவை பிட் உடைந்து துளைக்குள்ளேயே விழுந்து, அதை மீன் பிடிப்பதுபோல் தூண்டில் போட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். “தொழில்நுட்பக் காரணங்களால் தாமதம்” என்று முதலாளி எழுதியிருந்தார். கணீர் அதை மாற்றி, “பிட் உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. இன்னும் எடுக்க முடியவில்லை. எடுக்கிற வரைக்கும் ஓர் அடிகூட இறங்காது” என்று படித்தாள். முதலாளிக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் அந்த வாரம் ஒருத்தர்கூட வாசலில் வந்து நிற்கவில்லை. அதோடு அவரும் வாயை மூடிக்கொண்டார்.

ஜனங்களுக்கு வெள்ளிக்கிழமை ஒரு விசேஷ நாள் மாதிரி ஆகிவிட்டது. முடி வெட்டுகிற கடையில் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுத் தொலைபேசியைக் கண்ணாடி முன்னால் வைத்துக் கேட்டார்கள். வாழ்க்கையில் பாறையைக் கிட்டத்தில் பார்க்காத ஆட்களெல்லாம் “சுண்ணாம்புக் கல் தாண்டியாச்சாமே?” என்று விசாரித்துக்கொண்டார்கள்.

அதில் முதல் ஆள் அவளுடைய அத்தான், அக்காவின் வீட்டுக்காரர். கீழே அவருடைய தையல் கடை, அதற்கு மேலே வீடு, மொட்டை மாடியில் இருந்த ஒற்றை அறையில் கணீர். கடையை அத்தான் சும்மா வாங்கவில்லை. இருபது வருஷம் அடுத்தவன் கடையில் குனிந்து தைத்து, முதுகு வளைந்து, அப்புறம் வாங்கியது. சேமிப்பு முழுவதையும் முதல் கிணற்றில் போட்டிருந்தார். சட்டைக்கு அளவெடுக்க வருகிறவர்களிடம் கையை விரிக்கச் சொல்லிவிட்டு, “கேசிங் இறக்கிட்டாங்க, தெரியுமில்ல?” என்று ஆரம்பித்துவிடுவார். வந்தவர் விரித்த கையோடு நின்றுகொண்டிருப்பார்.

கிணறு அடி தொட்டது. குழாயைத் திறந்து சோதனை நடந்தது. அந்த வாரத் தாளில் முதலாளி எழுதியிருந்தார்: கிணற்றிலிருந்து நாளுக்கு நூறு பீப்பாய் திரவம் வருகிறது.

அன்றைக்குப் பார்த்து கணீருக்குக் கடுமையான சளி. காய்ச்சல் வேறு. வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் கேட்கிறவள் அன்று கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு படித்துவிட்டு வந்து படுத்துவிட்டாள். மறு வாரம் நூற்றிருபது பீப்பாய் திரவம் என்று இருந்தது. அதையும் படித்தாள்.

ஊருக்குக் கால் தரையில் பாவவில்லை. முதலில் இந்தத் திரவம் என்ன என்று சிலருக்குச் சந்தேகம் வந்ததுதான். அத்தான் அதைத் தீர்த்துவைத்தார்.

“சோறுன்னு நாம சொல்றோம். அதையே பெரிய எடத்துல உணவுன்னு சொல்றாங்க இல்லையா? அந்த மாதிரி. எண்ணெய்ங்கிறது சாதாரணப் பேரு. திரவம்னா மரியாதையான பேரு.”

முடி வெட்டுகிறவர் இன்னும் ஒரு படி மேலே போனார். கசடு இருந்தால் எண்ணெய், கசடு இல்லாமல் சுத்தமாக வந்தால் திரவம், விலையும் அதற்குத்தான் அதிகம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அழகான வார்த்தையாக இருந்துவிட்டால் நம் ஜனங்கள் அதற்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

சூட்டோடு சூடாக முதலாளி இரண்டாவது கிணறு என்று அறிவித்தார். சனிக்கிழமை காலை பங்குதாரர் கூட்டம். விருப்பப்பட்டவர்கள் அங்கேயே பணம் போடலாம். அந்த வாரம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அத்தான் சாவகாசமாகச் சொன்னார்:

“கடைய எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன். கடன் தர்றவங்கிட்ட பேசியாச்சு. பத்திரத்த வச்சா முழுசா தர்றேங்கிறான். அப்படியே ரெண்டாவது கிணத்துல போட்டுட வேண்டியதுதான்.”

அக்கா பரிமாறின கையோடு நின்றாள். “கடையவா?”

“ஏன், உன் தங்கச்சி வாயாலயே கேட்டோமில்ல? நூறு, அப்புறம் நூத்தி இருபது. இவ சொல்லி எது பொய்யாயிருக்கு?”

இவ்வளவு நாளும் தன் குரலை ஜனங்கள் நம்புவது அவளுக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அந்த நம்பிக்கை கடைப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறது. கையைக் கழுவியதும் தொலைபேசியை எடுத்து ஜீப் ஓட்டுநரிடம் நாளைக்குக் கிணற்றடிக்குப் போக வேண்டும் என்று சொன்னாள்.

கிணற்றடியில் தகரக் கொட்டகை ஒன்றில் மண் டாக்டர் இருந்தார். பாறை பற்றிப் படித்தவர். துளையிலிருந்து வருகிற தூளைக் கழுவிக் கழுவிப் பார்ப்பதால் கோபுரத்து ஆட்கள் வைத்த பெயர் அது. நல்ல மனிதர், ஆனால் தன் நிழலுக்கே பயப்படுகிறவர். அவர் மேஜைமேல் கண்ணாடிக் குழாய்கள் வரிசையாகச் செருகியிருந்தன. கிணற்றிலிருந்து வந்ததைக் குழாயில் ஊற்றி, கைப்பிடியால் சுழற்றுகிற ஒரு பொறியில் மாட்டிச் சுற்றினார். நிறுத்தி எடுத்தபோது, குழாயின் உச்சியில் நின்ற கறுப்பு ஒரு விரற்கடைகூட இல்லை. அதற்குக் கீழே முழுக்கக் கலங்கலாக ஏதோ இருந்தது.

“மேல இருக்கிறது எண்ணெய். கீழ?”

மண் டாக்டர் கொட்டகை வாசலைப் பார்த்தார். “நான் சொன்னேன்னு சொல்லாதீங்க அக்கா. தண்ணி.”

அவள் அதில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். வாயெல்லாம் கரித்தது.

“எவ்வளவு?”

“பத்துக்கு ஒம்போது. முதல்ல கொஞ்சம் கம்மியா இருந்துச்சு. நாளுக்கு நாள் தண்ணி ஏறுது. அதனாலதான் மொத்தக் கணக்கும் ஏறுது.”

“அப்ப அது ஏறுதுன்னு எல்லாரும் சந்தோஷப்படறது…”

“தண்ணி ஏறுது.”

“அப்புறம் ஏன் திரவம்னு எழுதறீங்க?”

“எண்ணெயும் தண்ணியும் சேர்ந்தா திரவம்தானே அக்கா. எங்க தொழில்ல அப்படித்தான் எழுதறது. தப்பில்ல.” அவர் குரல் தேய்ந்துகொண்டே போனது. “எண்ணெய் தனியா, தண்ணி தனியான்னு அடுத்த வரியில எழுதியும் குடுத்தேன். அந்த வரிய முதலாளி எடுத்துடறாரு.”

கணீர் அங்கிருந்து நேரே அலுவலகத்துக்கு வந்தாள். முதலாளி அவளை உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார். அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் சுருட்டிக்கொண்டு கம்பி நீட்டுகிற ரகமில்லை. சொந்த வீட்டை அடகு வைத்து இந்தக் கிணற்றில் போட்டிருந்தார். இரண்டாவது கிணற்றில் எண்ணெய் கொட்டும் என்று மனதார நம்பினார். அதைவிட, வாழ்க்கையில் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்பது அவருடைய பெருமை. கயிறு திரிக்கிறவனைக்கூட ஒரு நாள் பிடித்துவிடலாம். பொய்யே சொல்லாமல் ஏமாற்றுகிறவனை எங்கே பிடிப்பது?

“திரவம்னு சொன்னது பொய்யாம்மா? சொல்லுங்க. எண்ணெயும் திரவம், தண்ணியும் திரவம். உங்க கையில இருக்கிற டீயும் திரவம்தான்.”

“அப்ப கிணத்துலேர்ந்து டீ வருதுன்னு சொல்லிடட்டுமா?”

“கோவப்படாதீங்க. ரெண்டாவது கிணறு மட்டும் வந்துட்டா எல்லாருக்கும் எல்லாம் திரும்பக் கிடைச்சிடும். அதுக்கு இப்ப பணம் வேணும். தண்ணின்னு சொன்னா எவன் தருவான்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன். தண்ணின்னு தெரிஞ்சா எவன் தருவான்?”

முதலாளி தேநீரைக் குடித்து முடித்தார். “உங்களுக்குச் சம்பளம் படிக்கிறதுக்கு. எழுதறதுக்கு இல்ல” என்றார்.

அவள் பதிவறைக்குப் போய் மின்விசிறியை நிறுத்தினாள். தாளைப் பார்க்காமல் பேசினாள்: “பங்குதாரர்களுக்கு வணக்கம். கிணற்றிலிருந்து வருவதில் பத்துக்கு ஒன்பது பங்கு உப்புத் தண்ணீர். மிச்சம்தான் எண்ணெய். அது செலவுக்கே காணாது. இதுவரை திரவம் என்று நான் சொன்னது இதைத்தான்.” பேசி முடித்து வெளியே வந்தபோது முதலாளி கதவருகே நின்றுகொண்டிருந்தார். உள்ளே போய் அவள் கண் முன்னாலேயே அதை அழித்தார்.

“வேற ஆள வச்சுப் படிச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு அவள் சாவியை மேஜைமேல் வைத்தாள். அவர் தடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தையல் கடை நிரம்பி வழிந்தது. வெட்டுகிற பலகைமேல் தொலைபேசியை வைத்துச் சுற்றி நின்றார்கள். கணீர் படியிறங்கி வந்து எல்லோருக்கும் நடுவில் நின்று விஷயத்தைச் சொன்னாள். கண்ணாடிக் குழாய், உப்புத் தண்ணீர், அழித்த பதிவு, எல்லாவற்றையும். “இந்த வாரம் நான் பேசல. யாரோ வேற ஆள் பேசுவாங்க. அத நம்பாதீங்க” என்றாள்.

அத்தான் எண்ணை அழுத்தினார். மணி அடித்து நின்றது. கடையெங்கும் கணீரென்று ஒலித்தது குரல்:

“பங்குதாரர்களுக்கு வணக்கம். கிணற்றிலிருந்து நாளுக்கு நூற்றைம்பது பீப்பாய் திரவம் வருகிறது.”

அவளுடைய குரல்தான். அவள் வாயை மூடிக்கொண்டு நிற்க, பலகைமேலிருந்து அவளே பேசினாள். எல்லோரும் அவளையும் தொலைபேசியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அப்புறம் முடி வெட்டுகிறவர் சிரித்துவிட்டார். மற்றவர்களும் சிரித்தார்கள். யாருக்கும் அவள்மேல் கோபம்கூட இல்லை. ஏதோ வீட்டுச் சண்டையில் உளறுகிறாள் என்பதுபோல் பார்த்தார்கள். பேருந்து நிலையத்திலிருந்து அவளைத் துரத்தியபோதுகூட அவளுக்கு அப்படி வலித்ததில்லை.

“பழசையெல்லாம் வெட்டி ஒட்டியிருக்காங்க!” என்று அவள் கத்தினாள். “மறுபடி போட்டுக் கேளுங்க. நூற்றைம்பது நல்ல குரல்ல இருக்கு. அது நூற்றைம்பது அடி இறங்கினோம்னு எப்பவோ நான் சொன்னது. திரவம் மட்டும் மூக்கடைச்ச குரல்ல இருக்கு. அன்னைக்கு எனக்குச் சளி!”

அக்கா மறுபடி அழைத்துக் கேட்டாள். நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். “ஆமாங்க. அன்னைக்கு இவளுக்குக் காய்ச்சல். நான்தான் கஷாயம் வச்சுக் குடுத்தேன்.”

“சளி பிடிச்சா பேசும்போதே குரல் மாறத்தான் செய்யும்” என்றார் அத்தான். “இவளுக்கும் முதலாளிக்கும் சம்பளத்துல ஏதோ தகராறு. அதுக்கு என் பொழப்புல மண்ணள்ளிப் போடறா.”

கணீர் தொலைபேசியைப் பிடுங்கி முதலாளியை அழைத்தாள். “என் குரலைத் திருடியிருக்கீங்க.”

“நூத்தம்பது இந்த வாரத்து நெஜக் கணக்கும்மா. திரவமும் நெஜம். ரெண்டும் உங்க வாயால வந்ததுதான்” என்றார் அவர், நிதானமாக. “இதுல பொய் எங்க இருக்கு, காட்டுங்க.”

மறுநாள் காலை வாடகைக் கூட்ட அரங்கில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் ஜனங்கள் சுவரோரம் நின்றார்கள். மேடையில் முதலாளி, பக்கத்தில் தலையைக் குனிந்தபடி மண் டாக்டர். மேடைக்குக் கீழே பணம் வாங்குகிற மேஜை. முதல் வரிசையில் அத்தான், அக்குளில் இடுக்கிய தோல் பையில் கடைப் பத்திரம். முதலாளி நன்றாகவே பேசினார். நூறு, நூற்றிருபது, நூற்றைம்பது என்று சொல்லிச் சொல்லி ஏற்றினார். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல்.

கணீர் பின்வரிசையிலிருந்து எழுந்தாள்.

“எனக்கு ஒரு கேள்வி இருக்கு.”

“ஒலிவாங்கி இல்லம்மா, அப்புறம் பாக்கலாம்” என்றார் முதலாளி.

“எனக்கு எதுக்கு அது?”

அரங்கு திரும்பிப் பார்த்தது. “உக்காரும்மா!” என்று ஒருவர் சத்தம் போட்டார். “சம்பள பாக்கிய வெளியில வச்சுக் கேளு!” என்றார் இன்னொருவர். அத்தான் திரும்பவே இல்லை. ஆனால் அவருடைய காது சிவந்திருந்ததை அவள் பார்த்தாள். கூட்டத்தில் பாதிப் பேர் அவளுக்குத் தெரிந்தவர்கள், அவளை அக்கா என்றும் தங்கச்சி என்றும் கூப்பிட்டவர்கள். இத்தனை பேர் சேர்ந்து உட்காரு என்றால் எந்த மனுஷிக்கும் முழங்கால் மடங்கும். அவளுக்கு மடங்கவில்லை.

“நான் உக்காரமாட்டேன். என் குரல நம்பித்தானே பணத்தோட வந்திருக்கீங்க? அந்தக் குரல் இங்க உயிரோட நிக்குது. மெஷின்ல பேசினா நம்புவீங்க, நேர்ல பேசினா நம்பமாட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு மேடையைப் பார்த்தாள். “நான் எதையும் சொல்லப்போறதில்ல. நீங்களே சொல்லுங்க முதலாளி. நீங்கதான் பொய் சொல்லாதவராச்சே. கிணத்துலேர்ந்து வர்றது எண்ணெயா?”

முதலாளி தொண்டையைச் செருமினார். “திரவம்ங்கிறது ஒரு தொழில்நுட்ப வார்த்தை…”

“வார்த்தை எனக்கும் தெரியும். வர்றது எண்ணெயா? ஆமாவா இல்லையா?”

அவர் மட்டும் “ஆமா” என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு எல்லாம் முடிந்துபோயிருக்கும். பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய். அதில் அந்த ஒரு சொல் வரவில்லை.

“எண்ணெயும் வருது” என்றார்.

“எண்ணெயும்?” கணீர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். “கேட்டீங்களா? எண்ணெய் வருதுன்னு சொல்லல, எண்ணெயும் வருதுன்னு சொல்றாரு. அந்த ‘உம்’ எதுக்கு? கூட என்ன வருது?”

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. முடி வெட்டுகிறவர்தான் முதலில் எழுந்தார். “ஆமா, கூட என்ன வருது? அதைச் சொல்லுங்க.”

முதலாளி மண் டாக்டரைப் பார்த்தார். மண் டாக்டர் தரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தபடியே, பாவம், அந்த மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூட்டத்துக்கு முன்னால் வாயைத் திறந்தார்.

“தண்ணி. உப்புத் தண்ணி.”

“எவ்வளவு?” என்று கேட்டாள் கணீர், பதில் தனக்கே தெரிந்திருந்தும்.

“பத்துக்கு ஒம்போது.”

அதற்கப்புறம் யார் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. “இத்தனை நாளா எங்களுக்குத் தண்ணி காட்டியிருக்கீங்களே!” என்று தபால்காரர் கத்தியது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அந்தக் கோபத்திலும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஜனங்கள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வெளியேறினார்கள். பணம் வாங்குகிற மேஜைக்கு முன்னால் ஒரே ஒருவர் போய் நின்றார். அத்தான்தான். பையைத் திறந்து பத்திரத்தை நீட்டினார்.

“எல்லாக் கிணத்துலயும் முதல்ல தண்ணி வரும். இத வச்சா கடன் தர்றவன் பணம் தயாரா வச்சிருக்கான். நான் தர்றேன், நீங்க தோண்டுங்க” என்றார்.

முதலாளி மேடையிலிருந்து இறங்கி வந்து அந்தப் பத்திரத்தை வெகுநேரம் பார்த்தார். வாங்கிக்கொள்ளவில்லை. “ஒருத்தர் பணத்துல கிணறு தோண்ட முடியாதுங்க” என்று சொல்லிவிட்டு மேஜையை மடக்கினார்.

இரண்டாவது கிணறு தோண்டப்படவில்லை. முதல் கிணற்றில் போட்ட பணம் போட்டதுதான், யாருக்கும் திரும்பி வரவில்லை. சில நாள் கழித்து முதலாளி கணீரைத் தொலைபேசியில் அழைத்தார்.

“கிணத்த மூடறோம். சிமென்ட் ஊத்தறோம். அதைச் சொல்லணும். வேற யார் சொன்னாலும் நம்பமாட்டாங்க” என்றார்.

“தாள் நீங்க எழுதக்கூடாது.”

“எழுதல.”

அவள் கிணற்றடிக்குப் போய், சிமென்ட் இறங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து பேசினாள். கிணறு மூடப்பட்டது, பணம் திரும்பாது, இனி இந்த எண்ணில் செய்தி வராது. பூசி மெழுகவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அவள் கண்ணில் நீர் முட்டியதென்னவோ உண்மை. ஆனால் அது குரலில் வராமல் பார்த்துக்கொண்டாள்.

இப்போது ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வேலை பார்க்கிறாள். டாக்டர் வராத நாளில் “டாக்டர் இன்னைக்கு வரமாட்டார், காத்திருக்காதீங்க” என்று சொல்லிவிடுவதால் ஏற்கெனவே எச்சரிக்கை வாங்கியிருக்கிறாள். ஊரில் அவளுக்கு நல்ல பெயர் என்று நினைத்தால் அதுவும் இல்லை. இன்னும் கொஞ்சம் ஆழம் போயிருந்தால் எண்ணெய் பீறிட்டிருக்கும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். கிணற்றை மூடியது சிமென்ட் இல்லை, இவள் வாய்தான் என்பது அவர்கள் கட்சி. எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இவளும் வழிவிட்டு ஒதுங்குகிற ஆளில்லை, நடுத்தெருவில்தான் நடப்பாள்.

அந்தக் கட்சிக்குத் தலைவர் அத்தான். அவர் அவளோடு நேராகப் பேசி வெகுநாள் ஆகிறது. ஆனால் அவளைப் பற்றிப் பேசாத நாளில்லை. பட்டன் தைக்க வருகிறவரிடமும் சொல்வார், காற்சட்டை நீளம் குறைக்க வருகிறவரிடமும் சொல்வார்: “எண்ணெய்ல நீச்சலடிச்சிருக்க வேண்டிய ஆளுங்க நாங்க. எல்லாம் ஒருத்தி வாயால போச்சு.” அவள் வேலை முடிந்து வந்து படியேறும்போது குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்துவார். அக்கா உள்ளேயிருந்து, “போதுங்க, ஆயிரம் தடவை கேட்டாச்சு” என்பாள். தையல் இயந்திரம் கடகடவென்று ஓடும்.

ஒரு நாள் தைத்த துணியை வாங்கிப் போக வந்த ஒரு அம்மாள் படிக்கட்டில் அவளை மடக்கிக்கொண்டாள்.

“உங்க அத்தான் இப்படி நாள் பூரா உங்களைத் திட்டறாரே, உங்களுக்கு ரோஷமே வராதா?”

கணீர் படியில் நின்று திரும்பினாள். தெருவுக்கே கேட்கும்படி பதில் சொன்னாள்.

“திட்டட்டுமே. எங்க உக்காந்து திட்டறாருன்னு பாருங்க. அவரோட கடையில!”